காலி வீதியின் குழந்தைப் பேச்சு

“அம்மம்மா, எனக்குச் சொதி எப்பா. ஐ வான்ட் முட்டை ஒன்லி.”

கொழும்பின் வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி வீடு. காலைச் சாப்பாட்டு மேசையில் நான்கு வயதுச் சிறுமி தன் முடிவைச் சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளினாள். தட்டில் சிவப்பு இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும். பால்கனிக்குக் கீழே மரைன் டிரைவ், அதை ஒட்டி ரயில் பாதை, அதற்கப்பால் கடல்.

‘எப்பா’ சிங்களச் சொல். வேண்டாம் என்று பொருள். அதைக் கேட்டதும் அம்மம்மா நிமிர்ந்தார். “தமிழில கதையுங்கோ பிள்ளை. எப்பா எண்டு சொல்லக் கூடாது, வேண்டாம் எண்டு சொல்லவேணும்.” ‘ஐ வான்ட்’ பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறுமியின் அம்மாவும் சொல்லவில்லை. ஒரு சின்ன வாக்கியத்துக்குள் பிற மொழிகள் இரண்டு இருந்தன, கண்டிப்பு ஒன்றுக்குத்தான். கொழும்பில் இருந்த நாட்களில் பிள்ளைகளின் பேச்சுக்கு நான் இவ்வளவு காது கொடுத்ததற்கு அந்தக் கண்டிப்புதான் காரணம்.

சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது என் வேலை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் கலந்துதான் பேசுகிறார்கள். அங்கே அது பெரும்பாலும் தமிழும் ஆங்கிலமும் கலந்தது. “குழந்தை குழம்பிப் போய்விடுமா? இரண்டுமே வராமல் போய்விடுமா?” என்று பெற்றோர் என்னிடம் கேட்காத மாதமில்லை. வெள்ளவத்தையில் மூன்றாவதாக ஒரு மொழி வாசற்படியிலேயே நிற்கிறது. கடைப் பலகைகளில் முதலில் சிங்களம், அடுத்துத் தமிழ், பிறகு ஆங்கிலம். தமிழ் வரிகளில் ‘ரியூசன்’, ‘ரெயிலர்ஸ்’ என்று யாழ்ப்பாண எழுத்துக்கூட்டல். காலி வீதியின் இரு பக்கமும் சேலைக்கடை, நகைக்கடை, சைவக்கடை, மருந்துக்கடை. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்தவர்களும், வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தவர்களும், இங்கேயே தங்கிவிட்டவர்களுமாக இந்த இடத்தைக் குட்டி யாழ்ப்பாணம் ஆக்கியிருக்கிறார்கள். ஒழுங்கைகளில் பழைய ஓட்டு வீடுகள் இடிந்து, மாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன.

அன்று முழுக்கச் சிறுமியின் பின்னாலேயே நடந்தேன். லிஃப்ட் கீழே வந்து நின்றதும் வாசல் காவலாளியிடம் ஓடினாள். “மாமா, மகே போலே கோ?” என்று கேட்டாள். ‘மாமா, என் பந்து எங்கே?’ முழுக்கச் சிங்களம். ஒரு தமிழ்ச் சொல் கிடையாது, ஆங்கிலச் சொல்லும் கிடையாது. மாமா என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது. அம்மாவும் அக்காவும்கூட அப்படித்தான். காவலாளி தேடி எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்து மொண்டிசோரி. இலங்கையில் மழலையர் பள்ளி எதுவானாலும் மக்கள் வாயில் அது மொண்டிசோரிதான். மரியா மொண்டிசோரி அம்மையாரே 1944இல் இங்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். வாசலில் நின்ற ஆசிரியையிடம் சிறுமி ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னாள். மத்தியானம் திரும்பி வந்ததும் அம்மாவின் மடியில் ஏறினாள். “நான் ஒரு எலிஃபன்ட் டிரோ பண்ணினனான். மிஸ் எனக்கு ஸ்டார் தந்தவ. மற்ற நங்கிக்குக் குடுக்கேல்ல.” நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அன்ரி, உங்கட வீட்டில பூனை இருக்கோ?” என்றாள். நான் இந்தியாவிலிருந்து வந்தவள், எனக்குச் சிங்களம் வராது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். இல்லை, என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். என்னிடம் பேசும்போது அவள் வாயில் ஒரு சிங்களச் சொல்கூட வரவில்லை.

குழம்பிய பிள்ளை இப்படியா ஆள் பார்த்துப் பேசும்? அவள் மூன்று மொழியும் கலப்பது வீட்டாரிடம் மட்டும்தான். ஏனென்றால் அவர்களுக்கு மூன்றும் தெரியும்.

பிள்ளைகள் மொழிகளை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்று உலகம் நூறு வருடங்களுக்கும் மேலாகக் கவனித்து வருகிறது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரொன்ஜா தன் மகன் லூயி வளர்ந்த விதத்தைக் குறித்துவைத்து 1913இல் புத்தகமாக்கினார். அப்பா பிரெஞ்சு மட்டும், அம்மா ஜெர்மன் மட்டும் என்று அந்த வீட்டில் ஏற்பாடு. பையன் இரண்டையும் நன்றாகவே பேசினான். ஆனாலும் பயம் போகவில்லை. 1923இல் வேல்ஸ் நாட்டுக் கிராமப் பிள்ளைகளைச் சோதித்த சேர் என்பவர், இரண்டு மொழி பேசுகிற பிள்ளைகள் அறிவுச் சோதனையில் பின்தங்குகிறார்கள் என்று எழுதினார். அந்தக் கருத்து பல பத்தாண்டுகள் பள்ளிக்கூடங்களை ஆட்டிவைத்தது. 1962இல் மொன்றியலில் பீல், லாம்பர்ட் இருவரும் குடும்பங்களின் வசதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சோதித்தபோது முடிவு நேர்மாறாக வந்தது: இருமொழிப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். 1978இல் வோல்தெரா, தேஷ்னர் என்ற இருவர், குழந்தை முதலில் எல்லா மொழியையும் ஒரே குவியலாக வைத்திருந்து பின்னால்தான் பிரிக்கிறது என்றார்கள். 1989இல் ஃப்ரெட் ஜெனெசி அதை மறுத்தார். ஆரம்பத்திலிருந்தே குழந்தைக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரியும், பெரியவர்கள் கலந்து பேசுவதையும் அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு ஜெனெசி சொல்வதே சரி என்று படுகிறது. பந்தைக் கேட்டுக் காவலாளியிடம் ஓடிய பிள்ளையைப் பார்த்த பிறகு வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

ஒரு மொழியில் சொல் கிடைக்காதபோது பக்கத்து மொழியிலிருந்து எடுத்துக்கொள்வது உண்டு. சிறுமிக்கு யானை தெரியும், ஆனால் யானையை அன்று அவள் பார்த்தது ஆங்கிலப் படப் புத்தகத்தில். அதனால் எலிஃபன்ட். பெரியவர்களும் இதையே செய்கிறோம். நியூயார்க்கில் வாழும் புவெர்ட்டோ ரிக்கோக்காரர்களின் பேச்சை ஆராய்ந்த ஷானா போப்லாக் 1980இல் ஒன்றைக் காட்டினார். ஒரே வாக்கியத்துக்குள் மொழி மாறிப் பேசுவது அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம் குறைவு, இரண்டிலும் தேர்ந்தவர்களிடமே அதிகம். வாக்கியத்தின் நடுவில் தாவவேண்டுமானால் இரண்டு பக்க இலக்கணமும் கைவசம் இருக்கவேண்டும்.

தமிழிலிருந்து சிங்களத்துக்குத் தாவ அதிக தூரமில்லை. இரண்டும் வேறு குடும்பம். ஆனால் இரண்டாயிரம் வருட அயல்வாழ்வில் வாக்கியத்தின் எலும்புக்கூடு ஒன்றுபோல ஆகிவிட்டது. ‘எனக்கு வேண்டாம்’ என்பது அங்கே ‘மட்ட எப்பா’. எனக்கு என்ற இடத்தில் மட்ட, வேண்டாம் என்ற இடத்தில் எப்பா. ‘எனக்கு விளங்கவில்லை’ என்பதிலும் அதே வரிசை, அதே நான்காம் வேற்றுமை. வினை இரண்டிலும் கடைசியில். ஆங்கில வினையை நாம் ‘ட்ரை பண்ணு’ என்று வசக்கிக்கொள்வது போலவே அவர்கள் ‘ட்ரை கரனவா’ என்கிறார்கள். ஆக, ‘எனக்கு எப்பா’ என்று சொன்ன பிள்ளை எந்த இலக்கணத்தையும் உடைக்கவில்லை. பொருந்துகிற இடத்தில் பொருந்துகிற சொல்லை வைத்திருக்கிறாள். யாரும் கற்றுக் கொடுக்காமல் நான்கு வயதில் இதைச் செய்வது எவ்வளவு பெரிய காரியம்!

இரவு, பிள்ளை தூங்கிய பிறகு, அம்மம்மாவிடம் காலைக் கண்டிப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். (சமையலறைக்கு இங்கே குசினி என்றுதான் பெயர், போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அலுவலகத்தைக் கந்தோர் என்பதும் மேசை இழுப்பறையை லாச்சி என்பதும் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. அம்மம்மாவின் சுத்தத் தமிழில் இவை எல்லாம் உண்டு.) கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“எனக்குச் சிங்களம் நல்லா வரும். என்ர பிள்ளையளுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தனான். ஏன் தெரியுமே?”

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது அவர் சிறு பிள்ளை. இரண்டு வருடம் கழித்து 1958 கலவரத்தில் குடும்பத்தோடு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி கொழும்பு. 1983 ஜூலைக் கலவரத்தில் இதே வெள்ளவத்தையில் ஒரு சிங்களக் குடும்பம் தங்கள் வீட்டின் பின்னறையில் இவர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. அந்த நாட்களில் தெருவில் ஆட்களை நிறுத்திச் சில சிங்களச் சொற்களைச் சொல்லச் சொன்னார்கள். வாளியைச் சிங்களத்தில் ‘பால்திய’ என்பார்கள். முதலெழுத்தின் ஒலியைத் தமிழ் நாக்கு கொஞ்சம் மாற்றிச் சொன்னாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அம்மம்மா தன் இரண்டு மகன்களையும் தினமும் உட்காரவைத்து அந்த ஒலியைப் பழக்கினாராம். சின்னவனுக்கு அப்போது ஐந்து வயது.

“அது பயத்தில படிச்ச பாசை. இவள் பயமில்லாமல் படிக்கிறாள், அது எனக்குச் சந்தோசம்தான். ஆனா என்ர மேசையில அந்தச் சொல்லு வரேக்க, எனக்கு நெஞ்சு திக்கெண்டு போகுது. என்ன செய்ய?”

நான் பதில் பேசவில்லை. கண்டிப்பில் இருந்தது வெறுப்பு என்று யாராவது சொன்னால் அது தவறு. காவலாளியோடு அவர் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். காவலாளியின் மகள் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்துதான் முதல் பரிசு போயிருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஏன் கண்டிப்பு இல்லை என்பதும் இந்த வீட்டின் கதையிலேயே இருக்கிறது. அந்த இரண்டு மகன்களும் இப்போது ரொறன்ரோவில். ஆங்கிலம் தெருவில் ஆளை நிறுத்திக் கேட்ட மொழியல்ல. வெளியே கொண்டுபோய்ச் சேர்த்த மொழி. பிள்ளையின் நாக்கில் எந்த மொழி வந்தால் சிரிப்பு, எந்த மொழி வந்தால் முகச்சுளிப்பு என்பதைப் பெரியவர்களின் அனுபவமே தீர்மானிக்கிறது. பிள்ளை அதையும் சேர்த்தே கற்கிறது.

மறுநாள் 57ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போனேன். 1942இல் தொடங்கிய சங்கம், நல்ல நூலகம். குழந்தைப் புத்தக அலமாரியின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். தமிழ்நாட்டில் அச்சான படக்கதைகள் இருந்தன. அவற்றில் பிள்ளைகள் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுகிறார்கள். வெள்ளவத்தைப் பிள்ளைக்குப் பழக்கமான ‘வாங்கோ’வையும் ‘இருக்கோ’வையும் புத்தகத்தில் பார்ப்பது அரிது. தமிழுக்குள்ளேயே அவள் ஏற்கெனவே இரண்டு தமிழ் கற்கவேண்டியிருக்கிறது. மூன்று மொழி என்று எண்ணினால் கணக்குத் தப்பும்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிற வழியில் கொம்பனித்தெருவில் இறங்கினேன். நகரத்தின் வானுயர்ந்த கட்டடங்கள் எல்லாப் பக்கமும் நெருக்கிக்கொண்டு வரும் ஒரு பழைய பகுதி. அங்கே மலே ஸ்ட்ரீட் இருக்கிறது, ஜாவா லேன் இருக்கிறது. இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுவந்த மனிதர்களின் சுவடு அது. சிப்பாய்கள், கைதிகள், நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினர். மக்காசாரின் ஷேக் யூசுஃப் 1684இலும் மாதாராம் அரசன் மூன்றாம் அமங்குராத் 1708இலும் இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டவர்கள். பிரிட்டிஷார் காலத்தில் மலாய்ச் சிப்பாய்கள் நிறைந்த படையணி ஒன்று 1873 வரை இருந்தது. 1869இல் கொழும்பிலிருந்து மலாய் மொழியில், அரபு எழுத்தில், ‘அலாமத் லங்காபுரி’ என்ற பத்திரிகையே வந்தது. நம் தட்டில் இருக்கும் சம்பலும், பண்டிகைக்குக் கிண்டும் தொதலும் அந்தத் தீவுகளின் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன.

அவர்களின் மொழிக்கு இங்கே நடந்ததுதான் என்னை ஈர்த்தது. ஜாவாவில் பேசும் மலாயில் வினை வாக்கியத்தின் நடுவில் வரும். வேற்றுமை உருபு கிடையாது. இலங்கை மலாயில் வினை கடைசிக்கு வந்துவிட்டது. நம் ‘கு’ செய்கிற வேலையைச் செய்ய ‘நங்’ என்று ஓர் உருபு பெயரின் பின்னால் ஒட்டிக்கொண்டது. சொற்கள் மலாய், கட்டுமானம் தமிழுக்கும் சிங்களத்துக்கும் உரியது. தமிழ் பேசும் சோனகக் குடும்பங்களோடு ஏற்பட்ட திருமண உறவால் வந்த மாற்றமா, மூன்று மொழியும் பேசிய மக்கள் வாயில் மெல்ல மெல்ல நேர்ந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எதுவானாலும் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசி ஒழுங்காக்கியதில் பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன். ஒரு காலத்துப் பாட்டிகளும் “ஒழுங்காகப் பேசு” என்று அதட்டியிருப்பார்கள். அந்த ஒழுங்கில்லாத பேச்சுதான் இன்று இலக்கண நூல் எழுதத்தக்க மொழி.

வருத்தமான பக்கமும் உண்டு. கொழும்பு மலாய்க் குடும்பங்களில் பெற்றோர் பிள்ளைகளிடம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். தெற்கே கிரிந்த என்ற கடலோர ஊரில்தான் பிள்ளைகள் அதைத் தாய்மொழியாகப் பேசி வளர்வது அதிகம் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். இவ்வளவு கலந்தும் முந்நூறு வருடம் உயிரோடு இருந்த மொழி, வீட்டில் பெரியவர்கள் பேசுவதை நிறுத்தியதும் ஒன்றிரண்டு தலைமுறைக்குள் தளர்கிறது. அதன் பூர்வீக நாட்டில் இன்று ஜக்கார்த்தா பெற்றோருக்கும் இதே கவலை. எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு; 1928 அக்டோபர் 28இல் இளைஞர்கள் எடுத்த உறுதிமொழியில்தான் இந்தோனேசியம் ஒற்றுமையின் மொழியானது. வீட்டில் ஜாவாவோ சுண்டாவோ, தெருவில் இந்தோனேசியம், இப்போது யூடியூபிலிருந்து ஆங்கிலம். இந்தக் கலவைப் பேச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கடோ-கடோ. வெந்த காய்களையும் தோஃபுவையும் நிலக்கடலைச் சாந்தில் புரட்டிய உணவு அது. தெற்கு ஜக்கார்த்தா இளசுகளின் ஆங்கிலக் கலப்பைப் பற்றிக் கிண்டலும் நிறைய உண்டு. அங்கேயும் பாருங்கள், ஆங்கிலம் கலந்தால் கிண்டலோடு கொஞ்சம் மதிப்பும் வந்துவிடுகிறது. ஜாவானியச் சொல் விழுந்தால் நாட்டுப்புறம் என்று ஒதுக்கப்படுகிறது.

கொட்டாஞ்சேனை வேறு உலகம். தூரத்திலிருந்தே புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் தெரிகிறது. ஒரு பக்கம் ஜிந்துப்பிட்டி முருகன், இன்னொரு பக்கம் பொன்னம்பலவாணேஸ்வரர், துறைமுகத்தை நோக்கிப் போனால் கொச்சிக்கடை அந்தோனியார். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலையில் குண்டு வெடித்த ஆலயம் அதுதான். இன்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அங்கே பூசை நடக்கிறது. இந்திய வம்சாவளியினர், கொழும்புச் செட்டிகள், பரதர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் ஒட்டிக்கொண்டு வாழும் இடம். இங்கே தமிழின் ஓசையே மாறிவிடுகிறது. ‘வாங்கோ’ போய் ‘வாங்க’ வந்துவிடுகிறது. எனக்கு மதுரைப் பக்கம் வந்துவிட்டது போல இருந்தது.

‘தோட்டம்’ என்று இங்கே சொல்வது மரஞ்செடியை அல்ல. ஒரு சந்துக்குள் முதுகோடு முதுகாகச் சேர்ந்த சிறு வீடுகளின் வரிசை, பொதுக் குழாய். அப்படி ஒரு தோட்டத்தில் எனக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு குடும்பம் அறிமுகமானது. அப்பா புறக்கோட்டை மொத்தக் கடையில் வேலை. அம்மா வீட்டிலேயே தையல். எட்டு வயதில் ஒரு பையன், நான்கு வயதில் ஒரு பெண். சந்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“அடோ, தென் மகே டர்ன் எக்கடா!”

கத்தியவன் அந்தப் பையன். ‘இப்போ என் முறைடா’ என்று பொருள். ஆங்கிலப் பெயரோடு சிங்களம் ‘எக்க’ என்ற சொல்லை ஒட்டும். பஸ் எக்க, ஃபோன் எக்க. அதன் வாலில் இவன் நம் ‘டா’வைச் சேர்த்திருக்கிறான். மட்டையைப் பிடித்திருந்த சிங்களப் பையனும் பதிலுக்கு ‘டா’ போட்டான். முஸ்லிம் பெண் ஒருத்தி நடுவராக நின்று இரண்டு பேரையும் தமிழில் அடக்கினாள். வெள்ளவத்தையின் பிள்ளை காவலாளியிடமிருந்து சிங்களத்தை எடுக்கிறாள். இவன் சண்டையிலிருந்து எடுக்கிறான். சண்டையில் வரும் மொழி நிலைக்கும்.

அவனிடம் நான் ஒரு சின்னச் சோதனை செய்தேன். சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாங்க’ என்று அழைப்பு. தமிழில் அது கேள்வி. ஒரே ஒலி. சிங்களப் பையனின் அம்மா கதவோரம் நின்று “மெஹெ என்ன” என்றதும் இவனும் சேர்ந்து ஓடினான். இவன் அம்மா உள்ளேயிருந்து “என்ன சத்தம் அங்க?” என்றதும் நின்ற இடத்திலேயே பதில் சொன்னான். பிறகு தனியாக அழைத்து, இந்த இரண்டு ‘என்ன’வும் உனக்குக் குழம்பாதா என்று கேட்டேன். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. “அது அது, இது இது” என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டான்.

மாலையில் அம்மாவுக்குக் கடிதம் ஒன்று வந்தது. ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து, சிங்களத்தில் மட்டும். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. கடித உறைகள் சிலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. அம்மாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. எட்டு வயதுப் பையன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசித்துத் தமிழில் சொன்னான். “பதினைஞ்சாம் தேதிக்கு முந்தி ஐடென்டிடி கார்ட் கொப்பியோட வரணுமாம்.” மருந்தகத்திலும் கிராம சேவகர் முன்னாலும் அவனே வாய். இதில் பெருமைப்படவும் இருக்கிறது, நோகவும் இருக்கிறது. பெரியவர்கள் பேச்சில் பிள்ளையின் காதுக்குப் போகக்கூடாத சங்கதிகள் உண்டு. கடன், நோய், தவணை எல்லாம் இவன் வாய் வழியாகவே போய் வருகின்றன. மொழிபெயர்ப்பு அரசின் வேலை. அதை மூன்றாம் வகுப்புப் பையன் செய்துகொண்டிருக்கிறான்.

அன்றிரவு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நரியும் முதலையும் கதை சொன்னேன். தமிழில்தான். சிங்களப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். பையன் அவர்களுக்கு வரிக்கு வரி பெயர்த்தான். கதை முடிந்ததும் யாராவது திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். நான்கு வயதுத் தங்கை எழுந்தாள். நரிக்கு நரி என்றாள். ஆறு, கரை, தந்திரம் மூன்றுக்கும் வந்தபோது தடுமாறினாள். ஆற்றுக்கு ‘கங்க’ என்றாள், கரைக்குக் கையைக் காட்டினாள், தந்திரத்துக்கு அண்ணனைப் பார்த்தாள். அவனுக்கும் தமிழில் தெரியவில்லை. சிங்களத்திலும் தெரியவில்லை.

என் கவலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ‘கங்க’ என்று அவள் சொன்னதில் அல்ல. இரண்டு மொழியிலும் சொல் இல்லாத அந்தத் தந்திரத்தில். கலப்பு பிள்ளையின் மொழியைக் குறைக்கவில்லை. கேட்கக் கிடைக்கும் பேச்சு குறைவாக இருப்பதுதான் குறைக்கிறது. சாப்பிடு, குளி, படி, சத்தம் போடாதே என்பதற்கு மேல் பிள்ளையிடம் நீளமாகப் பேச அந்தத் தோட்டத்தில் யாருக்கும் நேரமில்லை. வெள்ளவத்தையில் நேரம் இருக்கிறது, அது ரியூசனுக்குப் போகிறது. நோர்வேயில் வளர்ந்த, சிரி என்று புனைபெயரிட்ட ஒரு சிறுமியை எலிசபெத் லான்சா ஆராய்ந்து 1997இல் புத்தகம் எழுதினார். ஆங்கிலம் பேசும் அம்மா, நோர்வேக்கார அப்பா. அம்மா கலப்பைக் கண்டிக்கவில்லை. “என்ன சொன்னாய்?” என்று தன் மொழியில் கேட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அம்மாவிடம் சிரி குறைவாகவே கலந்தாள், மொழியும் வளர்ந்தது. அதட்டலைவிட அடுத்த கேள்விக்குப் பலம் அதிகம். அம்மம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். ‘எப்பா’ என்று பிள்ளை சொன்னால், ஏன் வேண்டாம் என்று கேட்டு நாலு வார்த்தை பேசுங்கள் என்று. “அதுக்குப் பிறகு சொதி ஆறிப் போகுமே” என்றார். ஆனாலும் அடுத்த நாள் கேட்டார். சொதியில் மிளகாய் மிதக்கிறதாம், அது கடிபடுமாம் என்று பிள்ளை தமிழிலேயே நீளமாக வழக்காடினாள்.

கொட்டாஞ்சேனை அம்மா என்னிடம் கேட்டது வேறு கேள்வி. மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க விண்ணப்பம் போடவேண்டும். இலங்கையில் பள்ளிகள் மொழிவழியாகப் பிரிந்தவை. ஒரே வளாகத்தில் இரண்டு பிரிவும் இருந்தால்கூடத் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் வேறு வேறு வகுப்பறை. 2001இலிருந்து சில அரசுப் பள்ளிகளில் மேல் வகுப்புகளுக்கு ஆங்கில வழி திரும்பியிருக்கிறது. ஐந்து வயதில் எடுக்கவேண்டிய முடிவு மட்டும் மாறவில்லை: எந்த மொழிப் பிரிவு? சந்தில் ஒரே பந்தை அடித்த பிள்ளைகள் ஜனவரியில் வேறு வேறு வாசலுக்குப் போவார்கள்.

“பெரியவன தமிழ்ல போட்டோம். இவள சிங்களத்துல போடச் சொல்றாங்க எங்க வீட்டுக்காரர். வேலை கிடைக்குமாம். நீங்க என்னக்கா சொல்றீங்க?”

தமிழில் போடுங்கள் என்றேன். சிங்களம் சந்திலிருந்து வரும், அது நிற்காது. தந்திரம் என்ற சொல் சந்திலிருந்து வராது என்றேன். அவர் கொஞ்ச நேரம் தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

“தமிழ் ஸ்கூல்ல மட்டும் வருமா? டீச்சர்மாருக்கும் நாப்பது புள்ளைங்க.”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பையன் விண்ணப்பத்தை எடுத்து வந்தான். வாக்காளர் பட்டியல் பிரதி, வீட்டு முகவரிக்கு ஆதாரம், பிறப்புச் சான்றிதழ் என்று வரிசையாக வாசித்தான். மொழிப் பிரிவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் திறந்து அம்மாவைப் பார்த்தான். “அப்பா வரட்டும்” என்றார் அவர். தங்கைக்கு அந்தக் காகிதத்தில் அக்கறையில்லை. முதலையின் மனைவிக்கு என்ன ஆனது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பகுதியை நான் இன்னும் சொல்லவில்லை, ஆகவே தொடங்கினேன்.